விடுமுறைக்கு ஒரு புத்தகம்
ஊவாவில் நம் பெண்பிள்ளைகளுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட கிறிஸ்தவ நூல்கள்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். பாடசாலைக் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுத நம்மிடையே எங்களிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் ஒரு சிறிய விடயத்தை எடுத்துக்கொண்டோம். மண்டபத்தை அடுத்த அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரி இருந்ததே, அதைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். தவணை முடியும் நாளில் வகுப்பாசிரியை அதைத் திறப்பார். எட்டாம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம். பெயரும் புத்தகத்தின் இலக்கமும் ஒரு சீ.ஆர். கொப்பியில் பதியப்படும். டிசம்பரில் வாங்கியதை ஜனவரி முதல் வாரத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும். பத்திரிகைத் தாளில் உறை போட்டு, உடுப்புப் பையின் அடியில் வைத்து, பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, அப்புத்தளை என்று அவரவர் பஸ்ஸில் ஏறிவிடுவோம்.

அந்த அலுமாரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்தவப் புத்தகங்கள். மிஷன் பாடசாலையாகத் தொடங்கிய ஒன்றில் அது ஆச்சரியமில்லை. வாங்கிப் போன பிள்ளைகளிலோ பாதிக்கு மேல் இந்துக்கள், சிலர் முஸ்லிம்கள். அந்த வயதில் நாங்கள் கேட்காத கேள்வி ஒன்றை இப்போது கேட்கிறோம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பெண்பிள்ளை விடுமுறையில் எதை வாசிக்கவேண்டும் என்று யார் தீர்மானித்தார்கள்? அவளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு தீர்மானித்தார்கள்?

வடக்கிலிருந்தும் கண்டியிலிருந்தும்

தமிழில் பெண்பிள்ளைகளுக்கென்று கிறிஸ்தவப் புத்தகம் தேடிய முதல் இடங்களுள் ஒன்று யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனார் 1823இல் அங்கே ஒரு துண்டுப்பிரசுரச் சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. 1840இல் அங்கு வந்த எலிசா அக்னியு அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதை நடத்தினார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகையும் வந்தது. வாசிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் உருவானார்கள். அதற்குப் பிறகே அவர்கள் வாசிக்கப் புத்தகம் போதவில்லை என்பது தெரிந்தது.

புத்தகம் போதவில்லை என்பதை மறுபக்கத்தில் இருந்தவர்களும் கண்டுகொண்டார்கள். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், பின்னர் சைவப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை அமைத்து, அச்சகம் நிறுவி, பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். பிள்ளையின் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பது பெரிய விடயம் என்பதில் பாதிரியாரும் நாவலரும் ஒரே கருத்தினர். நம் பாட்டிமார் இரண்டு பக்கத்துப் புத்தகங்களாலும் பயன்பெற்றவர்கள்.

மலைநாட்டுக்கு இந்த வேலையைக் கொண்டுவந்தவர் ஜோன் மர்டொக் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 1844இல் கண்டி அரசாங்கப் பாடசாலைக்குத் தலைமையாசிரியராக வந்தார். சில ஆண்டுகளில் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1849இல் கண்டியில் சிங்களத் துண்டுப்பிரசுரச் சங்கத்தைத் தொடங்கினார். 1858இல் இந்தியாவுக்கான கிறிஸ்தவ சுதேசமொழிக் கல்விச் சங்கம் உருவானபோது அதன் பிரதிநிதியாகச் சென்னையில் இருந்து பணியாற்றினார். பிற்காலத்தில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று நாம் அறிந்தது அதுவே. 1904இல் இறக்கும் வரைக்கும் அவர் வேலை புத்தகம்தான்.

மர்டொக்கிடம் நாம் கற்கவேண்டியவை இரண்டு. புதிய புத்தகம் போடுவதற்கு முன், மக்கள் ஏற்கெனவே என்ன வாசிக்கிறார்கள் என்று பார்த்தார். 1865இல் அவர் வெளியிட்ட தமிழ் அச்சுநூல்களின் பட்டியலில் கிறிஸ்தவ நூல்களோடு சைவ, வைணவ நூல்களும் கதைப் புத்தகங்களும் வைத்திய நூல்களும் வகைபிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். இரண்டாவது, புத்தகத்தை அள்ளிக் கொடுக்காமல் மிகக் குறைந்த விலைக்கேனும் விற்கவேண்டும் என்றார். காசு கொடுத்து வாங்கியவர் வாசிப்பார் என்பது அவர் எண்ணம். தோட்டத்துப் பிள்ளையிடம் அந்தக் காசும் இருந்ததில்லை என்பது வேறு கதை. ஆனாலும் வாசிப்பவரின் விருப்பத்தைப் பாராமல் புத்தகம் தெரிந்தெடுப்பது வீண் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

‘புஞ்சி நோனா’வும் இன்பப் பள்ளத்தாக்கும்

ஊவாவில் வெஸ்லியன் மிஷன் வேரூன்றியது 1880களில். அதன் முன்னோடி சாமுவேல் லாங்டன் பாதிரியார். அதற்கு முன் அவரும் அவர் மனைவியும் 1879இல் கண்டியில் பெண்கள் உயர்தரப் பாடசாலையைத் தொடங்கியிருந்தார்கள். லாங்டன் எழுத்தாளரும்கூட. 1884இல் ‘புஞ்சி நோனா’ என்ற கதைப்புத்தகம் லண்டனில் வெளியாயிற்று. இலங்கையில் பெண்கல்வியும் கிராம வாழ்க்கையும் பற்றிய கதை என்று அதன் துணைத் தலைப்புச் சொல்கிறது. ஊவா மிஷனைப் பற்றி ‘இன்பப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் தலைப்பில் 1890இல் இன்னொரு புத்தகம் வந்தது.

நம் மலைகளைப் பற்றியும் நம் வயதுப் பெண்பிள்ளையைப் பற்றியும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் புத்தகம் எழுதினார் என்பது பெருமைக்குரியது. ஆனால் இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, இங்கிலாந்து வாசகரை எண்ணி எழுதப்பட்டவை. அந்நாட்களில் அங்கே ஞாயிறு பாடசாலைப் பரிசாக இப்படிப்பட்ட கதைகளைக் கொடுப்பது வழக்கம். புஞ்சி நோனாவின் கதை தூரதேசத்துப் பெண்பிள்ளைகளின் கைக்குப் போனது. புஞ்சி நோனாவோடு ஒரே பாதையில் நடந்த தமிழ்ப் பிள்ளை, கூடையோடு மலையேறியவள், எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

அவள் ஏன் வரவில்லை என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. தோட்டங்களில் உபதேசியாரும் சிறுபாடசாலைகளும் இருந்தது உண்மை. தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்வதற்கென்றே சில துரைமாரின் உதவியோடு 1854இல் ஒரு அங்கிலிக்கன் மிஷன் கண்டியில் தொடங்கியது. ஆனால் 1907ஆம் ஆண்டின் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத் துரைமீது சுமத்திய பொறுப்பு 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் படிப்பு மட்டுமே. பத்து வயதோடு படிப்பு முடிந்தது. பதினொரு வயதில் பெயர் செக்ரோலில் ஏறிவிடும். பதின்ம வயது என்று ஒரு பருவமே தோட்டத்துப் பெண்ணுக்கு இருக்கவில்லை. அப்படிப்பட்ட பருவத்துக்கு யார் புத்தகம் தெரிந்தெடுப்பார்கள்? 1924இல் ரயில் பதுளை வரை வந்த பிறகும், புத்தகப் பார்சல்கள் எளிதாக வரத் தொடங்கிய பிறகும், அவை நகரத்துப் பாடசாலையின் வாசலோடு நின்றன. தோட்டத்திலிருந்து நம் பாடசாலைக்கு வந்து சேர்ந்த முதல் சில பிள்ளைகள்தான் அந்தப் புத்தகங்களை லயத்துக்குக் கொண்டுபோனவர்கள்.

நல்ல பெண்ணும் நடந்துபோன பெண்ணும்

அலுமாரியில் எந்த வகைப் புத்தகங்கள் இருந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனார் பெண்களுக்காக எழுதிய கதைகளுக்கு ஒரு பொது அச்சு உண்டு. 1852இல் கல்கத்தாவில் ஹன்னா கத்தரின் மல்லன்ஸ் அம்மையார் வங்காளியில் எழுதிய ‘பூல்மணி, கருணா’ கதை அதற்கு நல்ல உதாரணம். பூல்மணி ஒழுங்கான கிறிஸ்தவக் குடும்பத்தலைவி. கருணா அக்கறையற்றவள், துன்பப்பட்டுத் திருந்துகிறாள். இந்திய மொழிகள் பலவற்றுக்கு அது போயிற்று. 1875இல், ஐம்பது வயது கடந்த பின், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த சார்லட் டக்கர் அம்மையாரும் இவ்வகைக் கதைகளை 1893இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டிருந்தார். அவை மலிவுப் பதிப்புகளாக மொழிபெயர்க்கப்பட்டுப் பரவின.

இந்தக் கதைகளை இகழ நாங்கள் விரும்பவில்லை. பெண்ணை மையமாக வைத்துக் கதை சொன்னதே அன்று பெரிய காரியம். ஆனால் எங்கள் காலத்திலும் அலுமாரியில் இருந்த பல சிறு நூல்கள் இதே அச்சில் வார்த்தவை. நல்ல பெண் கீழ்ப்படிவாள், பொறுப்பாள், வீட்டைத் துப்புரவாக வைப்பாள், சில கதைகளில் இளவயதில் நோயுற்று அமைதியாக இறந்தும் போவாள். பதினான்கு வயதில் இவற்றை வாசித்த நாங்கள் இரண்டு பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவோம். ஜனவரியில் திருப்பிக் கொடுக்கும்போது எல்லாரும் “நல்லா இருந்திச்சி டீச்சர்” என்போம். அவற்றுள் ஒன்றின் பெயரும் இப்போது நினைவில் இல்லை.

நினைவில் நின்றவை வேறு. ‘மோட்சப் பிரயாணம்’ அவற்றுள் முதலாவது. சிறைக்குப் போன ஒரு பித்தளைப் பாத்திரத் தொழிலாளியான ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட அந்த நூலைத் தமிழர் எத்தனையோ விதமாகச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் அதைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காவியமே பாடினார். அதன் முதற்பாகத்தில் வீட்டுக்காரன் மனைவி மக்களை விட்டுவிட்டுத் தனியே போகிறான். அதைப் பற்றி வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. “பொண்டாட்டி புள்ளைய உட்டுட்டுப் போறவன் எப்படி நல்லவன்?” என்று கேட்டவள் இன்று ஒரு பாடசாலை அதிபர். ஆசிரியை கோபிக்கவில்லை. இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தார். 1684இல் பனியன் எழுதிய அந்தப் பாகத்தில் மனைவி கிறிஸ்தியானாள் தானே முடிவெடுத்து, நான்கு பிள்ளைகளோடும் அயல்வீட்டு இளம்பெண் ஒருத்தியோடும் அதே பாதையில் நடக்கிறாள். அந்த இளம்பெண் வழியில் ஏழைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிறாள். அவளை மணக்க விரும்பிவரும் ஆள், அவள் உழைப்பெல்லாம் தானமாகப் போகிறது என்று அறிந்ததும் மெல்ல நழுவிவிடுகிறான். அவளும் அவனைத் தேடவில்லை. எங்கள் வகுப்பில் அந்தப் பாகம் கைமாறிக் கைமாறி அட்டை கழன்றுபோயிற்று.

ஒரே மதம், ஒரே ஆசிரியர், ஒரே அலுமாரி. ஆனாலும் ஒரு புத்தகம் தூசி பிடித்தது, இன்னொன்று கிழிந்துபோனது. இரண்டாவதில் ஒரு பெண் தானே யோசித்துத் தீர்மானிக்கிறாள். அவளோடு நாங்கள் வாதாட முடிந்தது. வித்தியாசம் அதுவே.

லயத்தில் வாசித்த ரூத்

தோட்டத்தில் புத்தகம் என்பது தனியாக மூலையில் இருந்து வாசிக்கும் பொருள் அல்ல. வாசிக்கத் தெரிந்த ஒருவர் ‘பெரிய எழுத்து’ நல்லதங்காள் கதையையோ அல்லி அரசாணி மாலையையோ இராகத்தோடு வாசிக்க, இஸ்தோப்பில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். காமன்கூத்தும் பொன்னர் சங்கரும் தெரிந்த சனங்கள் அவர்கள். கதைக்குப் பஞ்சமில்லாத வீடு. பிள்ளை பாடசாலையிலிருந்து கொண்டுவந்த புத்தகமும் அந்தச் சபையில்தான் பரீட்சைக்கு நிற்கவேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர். எங்களில் ஒருத்திக்குக் கிடைத்தது ரூத்தின் சரித்திரம், வேதாகமத்திலிருந்து தனியாக எடுத்து அச்சிட்ட ஒரு மெல்லிய புத்தகம். பெரிய கதைப்புத்தகம் கிடைத்தவர்களைப் பார்த்து அவளுக்கு அழுகை. மாலையில் மழை. லயத்தில் மின்சாரம் இல்லை. குப்பிவிளக்கில் அப்பாயிக்கு அதை வாசித்துக் காட்டினாள். அப்பாயி மாரியம்மனைத் தவிர வேறு தெய்வம் அறியாதவர். பஞ்சத்தால் ஊரைவிட்டுப் போன குடும்பம், அந்நிய ஊரில் ஆண்கள் எல்லாரும் இறந்துபோவது, மாமியாரை விடமாட்டேன் என்று பின்னாலேயே வரும் மருமகள், அறுவடை செய்பவர்களின் பின்னால் கதிர் பொறுக்கிச் சாப்பிடும் இளம்பெண். “இவ நம்ம ஆளு புள்ள” என்றாராம் அப்பாயி. ரூத்தை வயலில் இருக்கவிட்ட மேற்பார்வையாளன் வரும் இடத்தில், “கங்காணி நல்லவனா இருந்திருக்கான்” என்றாராம். கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி. “அப்புறம் அவளுக்கு அந்த ஊர்ல பதிஞ்சாங்களா, இல்லியா?”

அந்தக் கேள்வியின் பாரம் அன்று வாசித்தவளுக்குத் தெரியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பிரித்தது. எத்தனையோ அப்பாயிமார் ஒரு பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டு இன்னொரு பிள்ளையோடு இங்கே இருந்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. மோவாபிய தேசத்துப் பெண் ரூத், பெத்லகேமில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஒரு அரசனுக்குப் பூட்டியானாள் என்பது அந்த இஸ்தோப்பில் சாதாரணச் செய்தியாக இருந்திருக்க முடியாது. அந்த மெல்லிய புத்தகத்தைத் தெரிந்தெடுத்த ஆசிரியை இதையெல்லாம் யோசித்தாரோ என்னவோ. ஆனால் அது வீட்டாரின் காதிலும் விழக்கூடிய புத்தகமாக இருந்தது. அப்பாயியை யாரும் மதம் மாற்றவில்லை. மறுநாள் பக்கத்துக் காம்பராக்காரர்களும் கேட்க வந்தார்கள்.

போனவையும் வந்தவையும்

1960, 1961ஆம் ஆண்டுகளில் மிஷன் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கல்வி என்ற நோக்கில் அது நியாயமானது என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் புத்தகம் தெரிந்தெடுக்கும் வேலை யாருடையது என்பது தெளிவில்லாமல் போயிற்று. சபைகள் ஞாயிறு பாடசாலையோடு நிறுத்திக்கொண்டன. பாடசாலைகள் பாடப்புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது எத்தனை வீடுகளின் புத்தக அலுமாரிகள் போயின என்று எண்ணியவர் இல்லை. அந்த நெருப்புக்குப் பிறகு கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் போன மூத்த சகோதரிகள் இந்த மலரை அங்கிருந்து வாசிப்பார்கள். எங்கள் காலத்து அலுமாரி, எஞ்சியதைக் கொண்டு ஆசிரியைகள் மீண்டும் நிரப்பியது.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றையும் பதிவுசெய்யவேண்டும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், உத்தியோகம் கிடைத்த புதிதில், எங்கள் ஆண்டுத் தோழியர் சேர்ந்து ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கிறிஸ்தவ இளைஞர் புத்தகங்கள் அனுப்பினோம். வெளிநாட்டிலிருந்த தோழியர் தங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த நல்ல புத்தகங்களைத் திரட்டினார்கள். பெரிய பெட்டி ஒன்று நிறைந்தது. அனைத்தும் ஆங்கிலம். கார் ஓட்டப் பழகும் பதினாறு வயதுப் பிள்ளை, நடன விருந்துக்கு யாரோடு போவது என்ற கவலை, பனிக்காலத்து முகாம், இவையே உள்ளடக்கம். இரண்டு ஆண்டு கழித்து அங்கே ஒரு மருத்துவ முகாமுக்குப் போனபோது, அதிபரின் அறை மூலையில் பெட்டி ஒட்டிய நாடாவோடு அப்படியே இருந்தது. அவர்கள்மீது குற்றமில்லை. யாருக்காக அனுப்புகிறோம் என்று ஒரு பிள்ளையிடமேனும் கேட்காமல் அனுப்பியது நாங்கள். லாங்டனின் புத்தகம் இங்கிருந்து அங்கே போனது. எங்கள் புத்தகம் அங்கிருந்து இங்கே வந்தது. இரண்டிலும் தோட்டத்துப் பெண்பிள்ளைக்கு இடமில்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்

வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் விடுமுறைகள் வேறு கோணத்தில் தெரியும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில்தான் கொழும்பில் வீட்டு வேலைக்கு ஆள்பிடிக்கும் தரகர்கள் லயத்துக்கு வருவார்கள். அந்த மாதங்களில்தான் அவசரக் கலியாணங்களும் நடக்கும். பதினாறு, பதினேழு வயதில் இரத்தசோகையோடு கர்ப்பிணியாக வரும் பிள்ளையிடம் “என்ன படிச்சீங்க?” என்று கேட்டால், நல்ல பெறுபேறு எடுத்திருப்பாள். ஒரு புத்தகம் இதைத் தடுக்கும் என்று சொல்ல நாங்கள் துணியமாட்டோம். வறுமைக்கு மருந்து சம்பளம், புத்தகம் அல்ல. ஆனால் அந்தச் சில மாதங்களில், வேறு விதமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை அவள் கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

எங்களுக்கு அது நடந்தது. அலுமாரியில் வேலூர் வைத்தியர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறு ஒன்று இருந்தது. அவர் பாட்டனார் ஜோன் ஸ்கடர் 1820 முதல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தவர். ஆண் வைத்தியரை உள்ளே விடமாட்டோம் என்று வீட்டார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா, வைத்தியம் படித்துத் திரும்பிவந்து, 1918இல் வேலூரில் பெண்களுக்கே ஒரு மருத்துவப் பாடசாலையைத் தொடங்கினார். பிரசவம், இரத்தம், மரணம் என்ற சொற்களை ஒளிக்காமல் சொன்ன முதல் கிறிஸ்தவப் புத்தகம் எங்களுக்கு அதுதான். விஞ்ஞானப் பிரிவுக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் அந்த ஆகஸ்ட் விடுமுறையில் வந்தது.

எதைத் தெரிந்தெடுப்பது

சங்கத்தின் நூற்றாண்டு நினைவாக அந்த அலுமாரியை மீண்டும் நிரப்பலாம் என்ற யோசனை இப்போது இருக்கிறது. அதற்காக மேற்சொன்ன வரலாற்றிலிருந்து நாங்கள் கற்ற சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலில், தமிழ்ப் புத்தகம். ஆங்கிலம் பழகுவதற்கு வேறு புத்தகம் கொடுக்கலாம். விடுமுறையில் மனதுக்கு வாசிக்கும் புத்தகம், வீட்டில் உரத்து வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கவேண்டும்.

இரண்டாவது, வீட்டாருக்கு மறைத்து வாசிக்கவேண்டிய எதுவும் வேண்டாம். இந்துப் பிள்ளையின் தாய் வாங்கிப் பார்த்தால், தன் தெய்வத்தை இகழ்ந்த ஒரு வரியும் அதில் இருக்கக்கூடாது. புத்தகத்தைத் தூண்டிலாக வைத்த காலமும் உண்டு. அது மரியாதையான வேலை அல்ல. வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு இருக்கட்டும். பக்கத்திலேயே நாவலரின் பாலபாடமும் நபிகளாரின் வரலாறும் இருக்கட்டும்.

மூன்றாவது, யோசிக்கும் பெண் அதில் வேண்டும். மேலே சொன்னவற்றோடு கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’வைச் சேர்ப்போம். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் படிப்பை விட்டு, 1894இல் 32 வயதில் மறைந்த அவர், படிக்க ஆசைப்பட்ட ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் மனதைத் தன் வாழ்விலிருந்தே எழுதினார். ஆங்கிலத்தில் எழுதிய அந்த நாவல் அந்த நூற்றாண்டிலேயே தமிழிலும் வந்தது. பண்டித ரமாபாயின் வாழ்க்கையும் வேண்டும். சமஸ்கிருதம் கற்ற விதவை, கிறிஸ்தவரான பின்னும் சபைத் தலைவர்களோடு வாதாடத் தயங்காதவர். 1918இல் இலங்கைக்கும் வந்துபோன சாது சுந்தர்சிங்கின் கதையையும் வைப்போம். பயணக்கதை என்றால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

நான்காவது, உடம்பைப் பற்றிப் பேசத் தயங்காத புத்தகம். மிஷன் வைத்தியராக 1896இல் கனடாவிலிருந்து வந்து, ஒரு தமிழரை மணந்து, இந்நாட்டிலேயே வாழ்ந்து 1962இல் மறைந்த மேரி ரட்ணம், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். பெண்களின் வாக்குரிமைக்கும் கிராமப் பெண்களின் முன்னேற்றத்துக்கும் உழைத்து, 1958இல் மக்சேசே விருது பெற்றார். நம் பிள்ளைகள் வாசிக்கத்தக்க எளிய தமிழில் அவர் வாழ்க்கையை நம்மில் ஒருவர் எழுதினால் நன்று.

கடைசியாக, வெளிநாட்டிலுள்ள சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மிஞ்சிய புத்தகங்களைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்தத் தபால் செலவை அனுப்புங்கள். ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேரும் ஆசிரியை ஒருவரும் சங்கத்தின் சார்பில் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து தெரிந்தெடுப்பார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை எப்போதும் மற்றவர்களிலும் கூடுதலாக இருக்கும். அவர்கள் நிராகரித்த புத்தகம் வாங்கப்படமாட்டாது.

இன்னொன்றையும் அனுப்பலாம். உங்கள் அம்மாவோ அம்மாயியோ தோட்டத்திலிருந்து இந்தப் பாடசாலைக்கு வந்த கதை உங்களிடம் இருக்கும். தலைமன்னாரில் இறங்கியது, பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தது, முதன்முதலாகச் சப்பாத்துப் போட்டது, ஜெபக்கூட்டத்தில் பாடியது, கோயில் திருவிழாவுக்கு விடுப்புக் கேட்டது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்துப் பக்கம் போதும். புஞ்சி நோனாவுக்குப் பக்கத்தில் நடந்து போனவளின் கதை இன்னும் அலுமாரியில் இல்லை. வரும் டிசம்பரில் கொப்பியில் பெயர் பதிந்து கொடுக்கும் முதல் புத்தகங்களில் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை.